பந்து கம்பியில் பட்டபோது மூளையில் என்ன நடந்தது?

“உலகக் கோப்பையில் சொந்த நாட்டு அணி வெளியேறினால் வளர்ந்த ஆட்கள்கூடத் தேம்பித் தேம்பி அழுகிறார்களே, ஆடியது அவர்கள் இல்லையே, பின்னே எதற்கு?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியில் லேசான கேலி தெரிகிறது. ஆனால் அந்த அழுகைக்குப் பின்னால் நரம்பணுக்கள் போடும் கச்சிதமான கணக்கு ஒன்று இருக்கிறது. மூளை அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், சாக்கர் சிட்டி மைதானம். கால் இறுதியில் கானாவும் உருகுவேயும். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை அது. கண்டத்தின் மற்ற ஐந்து அணிகளும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிட, மிச்சம் இருந்தது கானா மட்டும். அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் அரை இறுதியைத் தொட்டதில்லை. 84 ஆயிரம் பேர் வுவுசெலா ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கடைசி நிமிடத்தில் கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. கோல் கோட்டில் நின்ற உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் இரண்டு கைகளாலும் அதைத் தள்ளிவிட்டார். அவருக்கு ரெட் கார்டு, கானாவுக்கு பெனால்டி. அடிக்க வந்தவர் அசமோவா ஜியான். அதே தொடரில் ஏற்கெனவே இரண்டு பெனால்டிகளை கோலாக்கியவர். இந்தப் பந்து மேல்கம்பியில் பட்டு எகிறிப் போய்விட்டது. தொடர்ந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் கானா 4-2 என்று தோற்று வெளியேறியது.

‘ஆடியது அவர்கள் இல்லையே’ என்பதை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரசிகரின் உடல் அப்படி நினைப்பதில்லை. 1994 இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்த பிரேசில் ரசிகர்களின் எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. 2006-ல் ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு மைதானத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, இது பலருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். ஜியான் அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவாரஸ் கை வைப்பதற்குச் சற்று முன்புவரை ஆட்டம் ஷூட்-அவுட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கானாவின் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு. பொதுவாக நாலு பெனால்டியில் மூன்று கோலாகும். இந்த ஒன்று வலைக்குள் போனால் கானாவுக்கு வெற்றி, போகாவிட்டால் மறுபடியும் 50. இரண்டையும் சேர்த்தால் வாய்ப்பு 87 விழுக்காட்டுக்குப் பக்கத்தில். பந்து கம்பியில் பட்டதும் அது திரும்ப 50-க்கு வந்தது. அதாவது சில நிமிடங்களுக்கு முன் எங்கே இருந்தார்களோ அதே இடம். கையில் இருந்த எதுவும் போய்விடவில்லை. போதாததற்கு எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் வெளியே. ஆனால் மைதானத்தில் இருந்தவர்களுக்கு அப்போதே எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏன்?

இதற்கான விடை ஒரு குரங்கிடமிருந்து வந்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் நகரில் குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனைகளை வைத்து, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருக்கும்போது அவை விநாடிக்கு மூன்று முதல் ஐந்து முறை மெதுவாகத் துடிக்கும். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் படபடவென்று ஒரு துடிப்பு. சாறு கண்ட மகிழ்ச்சி என்று யாரும் சொல்லிவிடலாம்.

அப்புறம்தான் சுவாரசியம். சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கு எரியும்படி செய்து, அதையே பலமுறை பழக்கினார்கள். துடிப்பு சாறிலிருந்து நகர்ந்து விளக்குக்கு வந்துவிட்டது! விளக்கு எரிந்ததும் படபடப்பு, சாறு வரும்போது ஒன்றுமே இல்லை. எதிர்பார்த்தது வந்திருக்கிறது, இதில் என்ன செய்தி? இனி விளக்கை எரியவிட்டு, சாறைக் கொடுக்காமல் ஏமாற்றினால்? சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெளியே எதுவும் நடக்கவில்லை. ஒளி இல்லை, ஒலி இல்லை, வலி இல்லை. நடக்காத ஒன்றை மூளை நேரம் தவறாமல் குறித்துக்கொள்கிறது.

ஆக இந்த நரம்பணுக்கள் கணக்கிடுவது கிடைத்ததை அல்ல, கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மீதியை. இதைக் கணிப்புப் பிழை என்கிறார்கள். 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாகவே காட்டியது. அந்தச் சூத்திரம் கணினிகளுக்குக் கற்பிப்பதற்காக ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் வளர்த்தெடுத்தது. இயந்திரத்துக்கு எழுதிய சூத்திரம் குரங்கின் மூளையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது!

இன்னொரு நுணுக்கம் உண்டு. விநாடிக்கு ஐந்து என்பதிலிருந்து மேலே இருபது, முப்பது வரை ஏற இடம் இருக்கிறது. கீழே? பூச்சியத்துக்குக் கீழே ஒரு நரம்பணுவால் துடிக்க முடியாது. அப்படியானால் சின்ன ஏமாற்றத்தையும் பெரிய ஏமாற்றத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்லும்? அமைதியை நீட்டித்து. ஏமாற்றம் பெரிதானால் இடைவெளி நீளும். அளக்க வழியில்லாத இடத்தில் நேரத்தை அளவுகோலாக்கிக்கொண்ட இந்தத் தந்திரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. அணுக்களை அடக்குவதற்கென்றே ஒரு பகுதியும் இருக்கிறது. மூளையின் நடுவில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஹபெனுலா. எதிர்பார்த்தது வராதபோது இது சுறுசுறுப்பாகி, டோபமைன் அணுக்களுக்குத் தடை போடுகிறது. 2007-ல் மாட்சுமோட்டோவும் ஹிக்கோசாகாவும் குரங்குகளில் இதைக் காட்டினார்கள்.

மனிதருக்கும் இது பொருந்துமா? லண்டனில் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் சின்னச் சின்னப் பந்தயங்கள் ஆடவைத்து, இடையிடையே ‘இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். பின்னர் மொபைல் செயலி வழியாக 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடமும் அதையே செய்தார்கள். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அந்த நேரத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது. தீபாவளி போனஸ் இல்லை என்று ஆடியிலேயே சொல்லிவிட்டால் முணுமுணுப்போடு போய்விடும். ‘இரண்டு மாதச் சம்பளம்’ என்று வதந்தி கிளம்பி, கடைசியில் ஒரு மாதச் சம்பளம் வந்தால் ஆலை வாசலில் சண்டை நடக்கும். 87-லிருந்து 50-க்கு விழுந்த கானா ரசிகரின் நிலை அதுதான்.

டோபமைன் ஒன்றே அந்தத் துக்கம் முழுவதற்கும் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடு, பெருமை, பக்கத்தில் அழும் நண்பன் என்று எத்தனையோ அதில் கலந்திருக்கின்றன. டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று அழைக்கும் வாட்ஸ்அப் ஞானத்தையும் இதோடு விட்டுவிடலாம்.

நடுவில் ஒரு புலம்பல். ‘குரங்குக்கு ஜூஸ் கொடுத்து மூளையைக் கேட்கப் போகிறேன்’ என்று நம்மூரில் ஒருவர் நிதி கேட்டால், ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வரும். அந்தப் பழச்சாறு ஆய்வு இன்று அடிமைப் பழக்கம், மனச்சோர்வு, பார்கின்சன் நோய் என்று பல துறைகளுக்கு அடிப்படை. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜிடிபியில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்பதை நினைத்தால் எனக்கும் ஹபெனுலா வேலை செய்கிறது.

இதே கணிப்புப் பிழைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. மூளை பிழையைக் குறிப்பதே அடுத்த முறை சரியாகக் கணிப்பதற்காக. எனவே ‘இதற்கு முன் என்ன நடந்தது?’ என்று உடனே தேடும். மைதானத்தில் ஆடாத ரசிகருக்கு மாற்றிக்கொள்ளக் கூடியவை என்ன? போட்டிருந்த சட்டை, உட்கார்ந்த இடம், பாதியில் எழுந்து போன மைத்துனன். 1948-ல் உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களுக்குக் குறித்த இடைவெளியில் தானாகவே தீனி விழச் செய்தார். தீனி விழும்போது தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, தன் சுற்றல்தான் தீனியைக் கொண்டுவந்தது என்பதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. ராசியான ஜெர்சி போட்டவரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. அதைக் காசாக்குகிறவர்கள்மேல்தான் கோபம். 2014-ல் கானாவைச் சேர்ந்த ஒரு மந்திரவாதி, போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் கால் காயம் தன் கைவரிசை என்று அறிவித்தார். செய்தி உலகெங்கும் போனது. கானாவுக்கு எதிரான ஆட்டத்தில் ரொனால்டோ 80-வது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தார். கானா வெளியேறியது.

எதிர்பார்ப்புக் கணக்கின் முழு விநோதத்தையும் பார்க்க 2022 டிசம்பர் 2-க்குப் போக வேண்டும். கத்தாரில் மறுபடியும் கானாவும் உருகுவேயும். இம்முறையும் கானா ஒரு பெனால்டியைத் தவறவிட்டது. முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்த உருகுவே அடுத்த சுற்றுக்குப் போகும் நிலையில் இருந்தது. வேறொரு மைதானத்தில், 90 நிமிடம் கடந்த பிறகு, தென்கொரியா போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட்டது. உருகுவே ஆட்டத்தில் ஸ்கோர் அதே 2-0. பந்து ஒரு அங்குலம் நகராமலே, புள்ளிகளில் தென்கொரியாவும் சமமாகிவிட, அடித்த கோல்களின் எண்ணிக்கையில் உருகுவே பின்தங்கிவிட்டது. பெஞ்சில் இருந்த சுவாரஸ் ஜெர்சியை முகத்தில் மூடிக்கொண்டு அழுதார். ஆட்டம் முடிந்து உள்ளே போன அவரது அணித்தோழர் கவானி, வழியில் இருந்த விஏஆர் (நடுவர் வீடியோ பார்க்கும்) திரையைத் தள்ளிச் சாய்த்தார். ஆட்டத்தில் தோற்று, தொடரிலிருந்தும் வெளியேறிய கானாவின் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2-0 ஆன பிறகு அவர்கள் தங்கள் அணியிடம் பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த வேறொரு சொட்டுச் சாறு, எதிர்பாராத நேரத்தில் விழுந்தது.