மெயில் சர்வர் பேக்கேஜுக்குப் பின்னாடி ஆள் இருக்காங்களா?

பேக்கேஜ்னா சர்வர்ல அப்படியே ஏத்தறதுக்குத் தயாரா கட்டிக் கொடுக்கற புரோகிராம். மெயில் சர்வர் மக்கர் பண்ணி என்னைக் கூப்பிடறது ரெண்டு மாசத்துல இது நாலாவது கேஸ், அதனாலதான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து இதை எழுதுறேன். கும்பகோணத்துல ஒரு பாத்திர மொத்த வியாபாரி, குத்துவிளக்கு, கோயில் மணியெல்லாம் வெளியூருக்கு அனுப்புறவங்க. "ஏம்மா, மூணு நாளா ஒரு மெயில் கூட வரல, ஆர்டர் போட்டவங்க ஃபோன்ல சத்தம் போடுறாங்க"ன்னு அவர் கூப்பிடும்போது நான் தஞ்சாவூர் பஸ்ல பாபநாசம் தாண்டிட்டேன், அடுத்த ஸ்டாப்ல இறங்கி அப்படியே திரும்பி வந்தேன்.

சர்வர்ல நடக்கறதையெல்லாம் எழுதி வைக்கற லாகைத் திறந்தா, உள்ள வர்ற மெயில் அத்தனையையும் சர்வரே 554, அதாவது "ஏத்துக்க மாட்டேன்"னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டு இருக்கு. என்னன்னு பாத்தா, மெயிலை வாங்கி அனுப்பற போஸ்ட்ஃபிக்ஸ் புரோகிராமோட கான்ஃபிக்ல (செட்டிங் ஃபைல்) எந்தக் காலத்துலயோ யாரோ எழுதினதைப் பாத்து ஒட்டின ஒரு ஸ்பாம் பிளாக்லிஸ்ட். ஸ்பாம் அனுப்பற சர்வர்களோட பட்டியல் அது, ஒவ்வொரு மெயில் வரும்போதும் அனுப்பற சர்வர் அதுல இருக்கான்னு அந்த லிஸ்டோட டொமைன்கிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் கேக்கும். அந்த லிஸ்டை நடத்துனவங்க எப்பவோ கடையை மூடிட்டாங்க, டொமைனையும் விட்டுட்டாங்க, இப்ப அதை வேற யாரோ வாங்கி, எந்தப் பேரைக் கேட்டாலும் ஒரு ஐபியைக் காட்டுற மாதிரி வச்சிருக்காங்க. போஸ்ட்ஃபிக்ஸுக்கு பதில்னு ஒண்ணு வந்துட்டா போதும், "ஓ, இவன் லிஸ்ட்ல இருக்கான்"னு எடுத்துக்கும். ஜிமெயில்லேர்ந்து வந்தாலும் சரி, பேங்க்லேர்ந்து வந்தாலும் சரி, எல்லாரும் ஸ்பாமர்.

இது புதுசா நடக்கறதும் இல்ல. ஓஆர்டிபின்னு பெரிய பிளாக்லிஸ்ட் ஒண்ணு 2006 டிசம்பர்ல மூடினாங்க, ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்ததால 2008 மார்ச்ல எல்லாக் கேள்விக்கும் "ஆமா"ன்னு பதில் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஏஎச்பிஎல்ங்கற இன்னொரு பிளாக்லிஸ்டும் 2015 ஜனவரில அதையேதான் செஞ்சது. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, மூடிட்டோம்னு சொல்லியும் காதுல வாங்கலன்னா வேற எப்படித்தான் சொல்றது.

சரி, அந்த லைனை எடுத்துட்டா மெயில் வந்துடும், வந்துச்சு. ஆனா அந்த சர்வர்ல மத்ததையெல்லாம் பாத்தப்போதான் எனக்கு நிஜமாவே கோபம் வந்துச்சு. சென்டாஸ் 7 (ரெட் ஹேட் லினக்ஸோட இலவச நகல்) போட்ட விபிஎஸ், அதாவது வாடகை சர்வர். சென்டாஸ் 7 கூட வந்தது போஸ்ட்ஃபிக்ஸ் 2.10. முன்னாடி பாத்துக்கிட்ட தம்பி "2.10 ரொம்பப் பழசு"ன்னு அதைத் தூக்கிட்டு சோர்ஸ் கோடை இறக்கித் தானே கம்பைல் பண்ணி (புரோகிராமா கட்டி) 3ஆம் வரிசைல ஒண்ணு போட்டிருக்கார், ஸ்பாமைப் பிடிக்கற ஸ்பாம்அசாசினையும் வைரஸைப் பிடிக்கற கிளாம்ஏவியையும் யாரோ ஒருத்தர் தனியா நடத்துன ரெப்போலேர்ந்து (பேக்கேஜ் கிடங்கு) எடுத்திருக்கார். அந்த ரெப்போவே இப்ப கிடையாது. தம்பி பெங்களூர் போயிட்டார். 2018ல போட்டது அப்படியே 2018லயே நிக்குது. ஃபோன் பண்ணிக் கேட்டா, "இல்லக்கா, நான் லேட்டஸ்ட் வெர்ஷன்தானேக்கா போட்டேன்"னு சொல்றார். நல்ல பையன், அக்கறையாத்தான் செஞ்சிருக்கார், அதுதான் இன்னும் வலிக்குது.

இந்த ஒரு விஷயத்தைத் தயவு செஞ்சு பொறுமையாப் படிங்க, எத்தனை தடவை சொல்லியும் தீரல. டிஸ்ட்ரிபியூஷன் (லினக்ஸையும் பேக்கேஜ்களையும் சேத்துக் கொடுக்கறது, சுருக்கமா டிஸ்ட்ரோ) பேக்கேஜோட வெர்ஷன் நம்பர் பழசா இருக்குன்னா அது பராமரிப்பு இல்லாம கிடக்குன்னு அர்த்தம் இல்ல. ரெட் ஹேட், டெபியன் மாதிரி ஆளுங்க ஒரு வெர்ஷனைப் பிடிச்சு உறைய வச்சுடுவாங்க, அப்புறம் புது வெர்ஷன்ல வர்ற பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து பழசுல தைப்பாங்க, இதுக்கு பேக்போர்ட்னு பேர். வெளில தெரியற நம்பர் மாறாது, நடுவுல இருக்கற சின்னக் கோட்டுக்கு (-) பின்னாடி வர்ற ரிலீஸ் நம்பர்தான் ஏறும். 2.10 வெளில வந்தது 2013ல, ஆனா சென்டாஸ் 7க்கு 2024 ஜூன் 30 வரைக்கும் பேட்ச் கொடுக்க ஆள் இருந்தாங்க. அதே நேரத்துல தம்பி கம்பைல் பண்ணின "லேட்டஸ்ட்"டுக்கு போட்ட நாள்லேர்ந்து ஒரு ஆள் கிடையாது. போஸ்ட்ஃபிக்ஸ் எழுதுறவங்க எப்பவும் கடைசி நாலு ஸ்டேபிள் வரிசைக்குத்தான் திருத்தம் கொடுப்பாங்க, 2024 மார்ச்ல 3.9 வந்ததும் 3.5 அந்தக் கணக்குலேர்ந்து வெளியே போயிடுச்சு, ஆனா ரெட் ஹேட் 8ல இருக்கற 3.5ஐ ரெட் ஹேட்காரங்க 2029 மே வரைக்கும் பாத்துக்கணும், அது அவங்க வாக்கு. அப்ப எது பழசு, எது பராமரிப்புல இருக்கு? நம்பரைப் பாத்து உங்களால சொல்லவே முடியாது. பேக்கேஜோட சேஞ்ச்லாகை, அதாவது மாற்றக் குறிப்பைத் திறந்து பாருங்க. டெபியன்ல ஆப்ட் சேஞ்ச்லாக்னு போட்டு பேக்கேஜ் பேரைக் கொடுங்க (ஆப்ட், ஆர்பிஎம் ரெண்டும் பேக்கேஜைக் கையாளற கமாண்ட்), ரெட் ஹேட் வகையில ஆர்பிஎம்-கிட்ட கேளுங்க, என்ன தேதில எந்த ஓட்டையை யார் அடைச்சாங்கன்னு வரிசையா நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷத்தை ஒதுக்காம சோர்ஸ் கம்பைலுக்கு ஒரு ராத்திரியைக் கொடுக்கறாங்க.

நம்ம டெல்டால வாய்க்கால் எல்லா ஊருக்கும் இருக்கு. மதகுல ஷட்டரைத் தூக்க லஸ்கர் இருக்காரா, கோடைல தூர் வாரினாங்களாங்கறதுதான் கடைமடைக்காரன் கேக்கற கேள்வி, வாய்க்கால் வெட்டின வருஷத்தை அவன் கேக்க மாட்டான். பேக்கேஜுக்கும் அந்தக் கேள்வியைத்தான் கேக்கணும்.

2023 டிசம்பர்ல எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சே, ஒரு மெயிலுக்குள்ள இன்னொரு மெயிலை ஒளிச்சு அனுப்பற வித்தை, போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், சென்ட்மெயில்னு மூணு மெயில் சர்வர் புரோகிராமையும் பாதிச்சுது. டிஸ்ட்ரிபியூஷன் பேக்கேஜ் வச்சிருந்தவங்களுக்கு அப்டேட்ல திருத்தம் வந்துச்சு. கம்பைல் பண்ணினவங்களுக்கு யார் வந்து சொல்லுவா? (சக அட்மின்களுக்கு ஒரு வார்த்தை: போஸ்ட்ஃபிக்ஸ் 3.9க்கு முந்தின வரிசைகள்ல பேட்ச் வந்தாலும் அந்தத் தடுப்பு தானா ஆன் ஆகாது, வெறும் நியூலைனைத் தடுக்கற அந்த செட்டிங்கை நீங்கதான் கான்ஃபிக்ல போடணும், போட்டீங்களா?)

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் ஒரு தப்பு நடக்குது, "ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தேன், வந்துச்சு, அப்ப யாரோ பாத்துக்கறாங்க"ன்னு நம்பறது. உபுண்டுல மெயின்னு ஒரு பகுதி, யூனிவர்ஸ்னு ஒரு பகுதி. மெயின்ல இருக்கறதை உபுண்டு கம்பெனியே பாத்துக்கும், யூனிவர்ஸ் தன்னார்வலர்கள் கை, அதுக்கும் பாதுகாப்புத் திருத்தம் நிச்சயமா வேணும்னா உபுண்டு ப்ரோ போடணும், சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரைக்கும் இலவசம்தான். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் (மெயில்பாக்ஸைத் திறந்து கொடுக்கறது) மெயின்ல, ஆர்ஸ்பாம்டி (ஸ்பாம் ஃபில்டர்) யூனிவர்ஸ்ல. ஒரே கமாண்ட்ல மூணும் இறங்கும், ஆனா மூணுக்கும் பின்னாடி ஒரே ஆள் நிக்கல. ரெட் ஹேட் வகையான ஆல்மா, ராக்கில அதே கதை எபெல்ங்கற கூடுதல் ரெப்போல இருக்கு, கிளாம்ஏவி அங்கேர்ந்துதான் வரும், ஃபெடோரா தன்னார்வலர்கள் பராமரிக்கறது, நல்ல ஆளுங்க, ஆனா ரெட் ஹேட் வாக்கு அதுக்குச் செல்லாது. ஆர்ச் லினக்ஸ் பயனர்களோட ரெப்போவான ஏயூஆரை மெயில் சர்வர் பக்கமே கொண்டு வராதீங்க, யார் வேணா போடலாம், பாத்துக்க ஆள் இல்லன்னா அநாதைன்னு அங்கயே எழுதியிருக்கும், அதையும் மீறி இறக்கறாங்க.

அதனால போடறதுக்கு முன்னாடி பாருங்க. ஆப்ட் பாலிசி கேட்டா எந்த ரெப்போலேர்ந்து வருதுன்னு சொல்லும். டெபியனோட பேக்கேஜ் டிராக்கர்ல மெயின்டெயினர் யார், கடைசியா எப்ப கை வச்சாங்க, அநாதையா விட்டுட்டாங்களா, புது ஆள் தேடுறாங்களா, எல்லாம் இருக்கும், செக்யூரிட்டி டிராக்கர்ல அடைக்காத ஓட்டை எத்தனைன்னு இருக்கும். மூலத்துல எழுதினவங்க உயிரோட்டமா இருக்காங்களாங்கறது தனிக் கேள்வி. ஓபன்டிகிம் எடுத்துக்கங்க, மெயில் நம்ம டொமைன்லேர்ந்துதான் போகுதுன்னு டிகிம்ங்கற கையெழுத்தைப் போடற புரோகிராம், அதோட கடைசி ஸ்டேபிள் 2015ல வந்த 2.10.3, அதுக்கப்புறம் டிஸ்ட்ரோக்காரங்க பேட்ச் போட்டுத்தான் ஓட்டிட்டு இருக்காங்க. இப்ப ஓடறதைப் பதறிப்போய்ப் பிடுங்க வேண்டாம், ஆனா புதுசா போடற சர்வர்ல நான் அதை வைக்கறது இல்ல, ஆர்ஸ்பாம்டியே டிகிம் கையெழுத்துப் போட்டுடுது.

ஆன்டி ஸ்பாம் விஷயத்துல இன்னொரு படி இருக்கு. புரோகிராம் வெறும் பாத்திரம் மாதிரி, உள்ள இருக்கற ரூல் தினம் மாறணும். 2010 ஜனவரி 1 அன்னிக்கு ஸ்பாம்அசாசின் உலகம் முழுக்க நல்ல மெயிலுக்கு ஸ்பாம் மார்க் ஏத்திவிட்டுச்சு, ஏன்னா ஒரு ரூல்ல 2010ன்னா ரொம்ப தூரத்து எதிர்காலம்னு எழுதியிருந்தாங்க. டெவலப்மென்ட் கோட்ல முன்னாடியே திருத்திட்டாங்க, அப்டேட் சேனலுக்கு அது போய்ச் சேரல. எழுதறவங்க கிட்ட திருத்தம் இருந்தாலும் உங்க சர்வருக்கு வந்து சேர்ற வழி அடைஞ்சிருந்தா இதுதான் நடக்கும். 2020 மார்ச்லேர்ந்து ரூல் ஃபைல்ல எஸ்எச்ஏ-1ங்கற பழைய சரிபார்ப்புக் கையெழுத்தை நிறுத்திட்டாங்க, 3.4.2க்கு முந்தின ஸ்பாம்அசாசின் எல்லாம் அன்னிக்கு இருந்த ரூலோட நின்னுடுச்சு, எரர் மெயில் ரூட் (சர்வர் அட்மின் கணக்கு) பாக்ஸுக்குப் போகும், அதை யாரும் திறக்க மாட்டாங்க.

கிளாம்ஏவி இன்னும் கண்டிப்பு. 2010 ஏப்ரல்ல 0.94ம் அதுக்குக் கீழ இருந்ததும் வேலையே செய்யாத மாதிரி சிக்னேச்சர் அனுப்பி நிறுத்தினாங்க, நிறைய பேருக்கு அன்னிக்கு மெயில் நின்னுச்சு. பழசை வச்சு ஒப்பேத்தற சமாச்சாரம் அதுல செல்லாது, அதனாலதான் டெபியன்ல கிளாமுக்கு ஸ்டேபிள்-அப்டேட்ஸ்ங்கற ரெப்போ வழியா புது வெர்ஷனே வரும், உங்க சோர்ஸ் லிஸ்ட்ல (எந்த ரெப்போலேர்ந்து இறக்கணும்னு சொல்ற ஃபைல்) அந்த வரி இருக்கான்னு இப்பவே பாருங்க. அது 1 ஜிபிக்கு மேல ராம் எடுக்கும், 1 ஜிபி விபிஎஸ்ல போட்டுட்டு தானா செத்துப்போகுதுன்னு என்கிட்ட வராதீங்க.

ஃபில்டர் கூப்பிடுற குட்டி டூலும் கணக்குல சேரும். 2022ல ஜிம்ப்ராங்கற மெயில் சாஃப்ட்வேரை உடைச்சது எப்படித் தெரியுமா, அதுல இருக்கற அமாவிஸ்ங்கற ஃபில்டர் அட்டாச்மென்டைப் பிரிக்க பாக்ஸ்னு ஒரு டூலைத் தேடும், அது இல்லன்னா பழைய சிபிஐஓங்கற டூலைக் கூப்பிடும், அந்த சிபிஐஓ ஓட்டை வழியா சர்வர்லயே ஃபைல் எழுதிட்டாங்க. பாக்ஸ் பேக்கேஜ் இருந்த சர்வர் தப்பிச்சுது.

இனி சுருக்கமா சொல்லிடறேன். சென்டாஸ் 7, டெபியன் 10, உபுண்டு 18.04 மேல மெயில் ஓட்டிட்டு இருக்கீங்களா, எக்ஸ்ட்ரா சப்போர்ட் எடுக்கலன்னா இந்த வாரமே மாத்துங்க, அடுத்த குறுவைக்குப் பாக்கலாம்னு தள்ளாதீங்க. டெபியன் 11 வச்சிருக்கறவங்களுக்கு எல்டிஎஸ் (நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம்) 2026 ஆகஸ்ட் 31 வரைதான், கல்லால மாட்டியிருக்கற நாள்காட்டில வட்டம் போட்டு வைங்க. டெபியன் 13க்குப் போறவங்க டவ்காட்டைத் தனியா சோதிச்சுட்டுப் போங்க, 2.4ல கான்ஃபிக் எழுதற முறையே மாறிடுச்சு, பழைய ஃபைலை வச்சா எழுந்திரிக்காது. ரெண்டு மூணு ரெப்போவைக் கலக்காதீங்க. பிளாக்லிஸ்ட் ஒண்ணோ ரெண்டோ போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவை அது நடக்குதான்னு போய்ப் பாருங்க. ஸ்பாம்ஹவுஸ்ங்கற பிளாக்லிஸ்டை வைக்கறதா இருந்தா கூகுளோட 8.8.8.8 வழியா கேக்காதீங்க, பொது ரிசால்வருக்கு (டொமைன் கேள்விக்குப் பதில் தேடித் தர்ற சர்வர்) அவங்க பதில் சொல்றது இல்ல, எரர் கோடுதான் திரும்பி வரும், அன்பவுண்ட்ங்கற ரிசால்வரை அந்த சர்வர்லயே போட்டுக்கங்க. டிஸ்ட்ரோவோட செக்யூரிட்டி அறிவிப்பு மெயிலுக்கு ஒரு ஆளாவது சேந்திருக்கணும், அந்த ஆள் வேலையை விட்டுப் போனா அடுத்தவர் பேர் சேரணும், முதலாளிமார்களே, இதை நீங்க கேட்டு வாங்குங்க. "ஓடிட்டுதானேம்மா இருக்கு"ன்னு சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

பாத்திரக் கடை சர்வரை டெபியன் 12க்கு மாத்தியாச்சு, எல்லாமே டெபியன் பேக்கேஜ், அப்டேட் தானா ஏறும். பெங்களூர் தம்பி லீவு போட்டு வந்து கூடவே உக்காந்து டேட்டா நகர்த்திக் கொடுத்தார். ஆனா அந்த மூணு நாள் மெயில் வராது. 554ன்னு சொல்லித் திருப்பினா அனுப்பினவங்களுக்கே போயிடும், நம்ம க்யூல எதுவும் நிக்காது. லாக்லேர்ந்து அனுப்பினவங்க முகவரியை எல்லாம் உருவி பிரின்ட் போட்டுக் கொடுத்தேன், 140 பேர். பெரியவர் அதைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிட்டு இருக்கார், இன்னொரு தடவை அனுப்புங்கன்னு.