தர்பூசணியை விட்டார், சர்க்கரை இறங்கவில்லை

ஆறு மாதமாக ஒரு துண்டு தர்பூசணிகூடத் தொடவில்லை என்றார், என்னிடம் ஆலோசனைக்கு வந்த சர்க்கரை நோயாளி ஒருவர். கேரட்டும் போயிற்று. வெள்ளை அரிசியை விட்டு பிரவுன் ரைஸுக்கு மாறிவிட்டார். கையில் அச்செடுத்த ஒரு பட்டியல், அதில் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று சொல்லும் எண்) 70க்கு மேல் உள்ளதையெல்லாம் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தார். அப்படியும் சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரை இறங்கவே இல்லை. "இன்னும் எதைத்தான் விடறது மேடம்?" என்று அவர் கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இவ்வளவு ஒழுங்காக ஒரு விஷயத்தைச் செய்கிறவருக்கு பலன் கிடைக்காமல் போவது சரியில்லை.

ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு என்று கேட்டேன். முன்பு ஒரு கப், இப்போது இரண்டு கப். "அதான் நல்ல அரிசியாச்சே" என்றார்.

உணவு ஆலோசகராக நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற குழப்பம் இதுதான். வேகத்தையும் அளவையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

கிளைசெமிக் இண்டெக்ஸ் சொல்வது வேகத்தை. 1981ல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த அளவுகோல் அது. 50 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவைச் சாப்பிடக் கொடுத்து, அடுத்த 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சுத்த குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து அதோடு ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70 தொட்டால் அதிகம்.

அந்த 50 கிராமில்தான் சிக்கலே இருக்கிறது. தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர், 100 கிராமில் 7 அல்லது 8 கிராம்தான் மாவுச்சத்து, ஆக 50 கிராம் வேண்டுமென்றால் 650 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஒரே தடவையில் யார் அவ்வளவு சாப்பிடுகிறார்கள்?

இதைச் சரிக்கட்டத்தான் 1997ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கிளைசெமிக் லோடு என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். இண்டெக்ஸை, நீங்கள் உண்மையில் சாப்பிடும் மாவுச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 10 வரை குறைவு, 20 தொட்டால் அதிகம். 120 கிராம் தர்பூசணியில் 9 கிராம் மாவுச்சத்து, இண்டெக்ஸ் 75 என்றே வைத்துக்கொண்டாலும் லோடு 7கூட வரவில்லை. இப்போது சோற்றுக்கு வருவோம். வெள்ளைச் சோறு 150 கிராம், மாவுச்சத்து 42 கிராம், இண்டெக்ஸ் சுமார் 73, லோடு 31. பிரவுன் ரைஸின் இண்டெக்ஸ் சராசரியாக 68தான், வெள்ளையைவிட ஒன்றும் பெரிதாகக் குறைவில்லை, 300 கிராம் சாப்பிட்டால் மாவுச்சத்து 70ஐத் தாண்டும், லோடு 50க்குப் பக்கத்தில் நிற்கும். பயந்து ஒதுக்கிய பழம் 7, நம்பிச் சாப்பிட்டது 50. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, லோடு மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. அந்த இண்டெக்ஸ் எண்ணே நிலையாக நிற்பதில்லை. கேரட்டுக்கு முதலில் வெளியான பட்டியலில் 92 போட்டிருந்தார்கள், பின்னால் திரும்ப அளந்தபோது 40க்கு அக்கம்பக்கத்தில் வந்தது, ஆனால் அந்தப் பழைய பயம் இன்றைக்கும் போகவில்லை. வாழைப்பழம் பழுக்கப் பழுக்க அதன் மாவு சர்க்கரையாக மாறும், எண்ணும் ஏறும். ஓட்ஸை நைசாக அரைத்து உடனடி வகையாக்கினால் வேகமாகச் செரிக்கும், சர்க்கரையும் வேகமாக ஏறும். வேகவைத்த உருளைக்கிழங்கை ஆறவைத்துக் குளிரவிட்டால் மாவின் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத வகையாக மாறுகிறது, அதனால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது. கொஞ்சம்தான், அதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டுவிடாதீர்கள்!

அப்புறம், குறைந்த எண் என்றாலே நல்ல உணவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஐஸ்கிரீமில் கொழுப்பு இருப்பதால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், எண் குறைவாக வரும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் நேரடியாக ரத்தக் குளுக்கோஸை அதிகம் ஏற்றாது, ஆனால் அளவு மிஞ்சினால் கல்லீரலில் கொழுப்பு சேரும். இதைப் பற்றி அந்தப் பட்டியல் ஒரு வார்த்தை சொல்லாது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது உங்கள் வீட்டு குளுக்கோமீட்டர். 2015ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரே உணவு ஒருவருக்கு ஒருவர் மிக வித்தியாசமாகச் சர்க்கரையை ஏற்றியது தெரிந்தது. அதனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவை அளந்து சாப்பிட்டு, முதல் வாயிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள், குறித்து வையுங்கள். இன்னொரு நாள் அதே உணவில் மாவுச்சத்தைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டி, அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு இந்த வரிசை மாற்றமே சாப்பிட்ட பிறகான ஏற்றத்தைக் குறைக்கிறது.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்வாக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். ஒருவேளை ரத்தச் சர்க்கரை 70 mg/dLக்குக் கீழே போய் கை நடுங்கி வியர்த்தால், அந்த நேரத்தில் குறைந்த இண்டெக்ஸ் உணவைத் தேடாதீர்கள், சாக்லேட்டும் வேண்டாம், அதன் கொழுப்பு தாமதப்படுத்தும். அப்போது தேவை வேகம். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது அதே அளவு சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை குடியுங்கள். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். இதை உங்களோடு இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.