ட்ரான்ஸ்: மயக்கமா, மருளா?

கோவா கடற்கரைக் கொண்டாட்டங்களில் வளர்ந்த மின்னணு நடன இசையான கோவா ட்ரான்ஸ் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'மயக்க இசை' என்றே இருக்கிறது. போன வாரம் 'ட்விஸ்டட்' தொகுப்பைப் பாராட்டிய ஒரு குறிப்பிலும் அதே சொல். எழுதியவருக்கு நல்ல காது, சொல்தான் தப்பு.

ட்ரான்ஸ் என்ற சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'ட்ரான்சிரே' என்றால் கடந்து போதல். அதிலிருந்து பிறந்த பழைய பிரெஞ்சுச் சொல் உயிர் பிரியும் நிலையையும் பேரச்சத்தையும் குறித்தது. பிறகு ஆங்கிலத்தில் தன்னை மறந்த நிலையாயிற்று.

சரி, மயக்கம் என்றால் நமக்கு என்ன? கண் இருட்டும், கால் துவளும், ஆள் விழுவார், முகத்தில் தண்ணீர் தெளிப்போம். ட்விஸ்டட்டைக் கேட்டவர் யாருக்கும் இது பொருந்தாது. ஹாலுசினோஜென் என்ற பெயரில் சைமன் போஸ்ஃபோர்ட் 1995-இல் வெளியிட்ட தொகுப்பு அது. 'எல்எஸ்டி' என்ற பாட்டில் கிக் என்னும் அடித்தாள முரசொலி ஓர் அடிகூடப் பிசகாமல் விழுகிறது. அதன் மேல் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் வரி ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தக் கருவியின் குமிழைத் திருகத் திருக, மூக்கடைத்தாற்போல் இருந்த ஒலி கூராகி, கடைசியில் கிறீச்சிடுகிறது. கேட்பவருக்கு உடம்பெல்லாம் விழிப்புதான். உடுக்கை வேகமெடுக்கும்போது சாமியாடியைப் பாருங்கள். தன் பெயர் மறந்திருக்கும், கால் தாளம் தவறாது. அஞ்சுனா கடற்கரையில் விடிய விடிய இசைத்த டிஜே கோவா கில்லும், பழங்குடிச் சடங்கைத்தான் இந்தக் காலத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவந்தார்.

மயக்கத்துக்குக் கலத்தல் என்ற பொருளும் உண்டே, திணை மயக்கம் என்கிறோமே என்று சிலர் வாதாடலாம். இலக்கணம் படித்தவருக்கு மட்டும் விளங்கும் பொருளை வைத்து எல்லோருக்குமான சொல்லைக் காப்பாற்ற முடியாது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஒரு சொல் போதும் என்றாகிவிட்டது. ஹிப்னாடிக் என்றாலும் மயக்கும், சார்மிங் என்றாலும் மயக்கும், அனஸ்தீசியாவும் மயக்கம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்காமல் எழுதுகிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் வேறு என்ன சொல்வது? முருகன் ஏறிப் பூசாரி ஆடுவதைக் குறிக்கும் வேலன் வெறியாட்டு என்ற பழந்தொடர் அருமையானது, ஆனால் இன்று 'வெறி இசை' என்றால் குடிவெறியும் சாதிவெறியும் நினைவுக்கு வரும். அருளிசை என்றால் பக்திப் பாடல் ஆகிவிடும். சாமி வருவதைச் சொல்லும் சன்னதம் உயிரோடு இருக்கும் சொல், ஆனால் வடமொழிச் சாயல் கொண்டது. எனக்குப் பிடித்தது மருள். மருள் வந்து ஆடுகிறவரை மருளாடி என்கிறோம். கோவா மருளிசை என்று எழுதலாம். பெயர்க்க மனமில்லையென்றால் ட்ரான்ஸ் என்றே விட்டுவிடலாம், அதிலும் தப்பில்லை.

மருள் என்றால் மிரட்சியும் அல்லவா என்று கேட்கலாம். ஆமாம், மருண்ட விழி என்கிறோமே. அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லுக்குள்ளும் அதே அச்சம்தான் இருந்தது.