ஃபர்ம்வேர்: நிலைப்பொருள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில் "பர்ம்வேர் போச்சு சார்" என்று யாராவது சொல்லாத நாளில்லை. ரவுட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ், எது படுத்தாலும் பழி அதன் தலையில்தான்.

ஃபர்ம் என்றால் உறுதியானது. வேர் என்றால் பண்டம், சரக்கு. 1967இல் ஆஷர் ஓப்ளர் இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அவர் குறித்தது மைக்ரோகோட் எனும், பிராசசரின் கட்டளைகளை உள்ளிருந்து நடத்தும் நுண்நிரலை. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்பதால் அந்தப் பெயர். போகப்போகப் பொருள் அகன்று, கருவிக்குள்ளேயே பதித்துத் தரும் நிரலெல்லாம் ஃபர்ம்வேர் ஆனது.

தமிழில் நேராக 'உறுதிப்பொருள்' என்று வைக்க வழியில்லை. அறம், பொருள், இன்பம், வீடு நான்கும் அந்தப் பெயரில் எப்போதோ குடியேறிவிட்டன. வழக்கில் உள்ள 'நிலைப்பொருள்'தான் சரி. அடிக்கடி அப்டேட் வருகிறதே, அப்புறம் என்ன நிலை என்று கேட்பார்கள். வாசல் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவை ஸ்க்ரூ கழற்றி மாற்றிவிடலாம், சுவரை இடிக்கத்தான் வேண்டும். நிலையைப் பெயர்க்கலாம், ஆனால் கொத்தனார் வர வேண்டும். ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது புது நிலைப்பொருளை ஏற்றும்போது, பாதியில் கரண்ட் போய், ரவுட்டரைச் செங்கல்லாகப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த நிலைப்பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: செயலியின் (பிராசசரின்) உள்ளமைப்பை இயங்குதளத்துக்குச் சொல்வது. எங்கள் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் எத்தனை குடும்பம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, யார் யாருக்கு ஒரே குழாய் என்பதும் தெரிய வேண்டும். குடும்பம் கோர், அதாவது செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு; குழாய் கேஷ், அதாவது கோர்கள் பகிர்ந்துகொள்ளும் வேகமான நினைவகம். சர்வர்களில் இதைச் சொல்ல, நிலைப்பொருளும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்கான ஏசிபிஐ (ACPI) என்ற தர விதி, 2017இல் வந்த தன் 6.2 பதிப்பில் பிபிடிடி (PPTT) என்றொரு அட்டவணையைச் சேர்த்தது. ஆர்ம் வகைச் செயலி வைத்த சின்ன போர்டுகளில், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்ற பட்டியல் சொல்கிறது.

சொன்னது அரைகுறையாக இருந்தால்? லினக்ஸ் இயங்குதளம் இதில் கறார். டிவைஸ் ட்ரீயின் கோர் வரைபடத்தில் ஒரு கோர் விட்டுப்போனாலும், படித்த மிச்சத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். பாதித் தகவலை நம்பி வேலையைப் பங்கிடுவதைவிட, ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்வது மேல் என்பது அதன் கணக்கு. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

போன மாதம் ஒரு போர்டு வந்தது: நான்கு பெரிய கோர், நான்கு சின்ன கோர். பூட் ஆகும்போது ஓடும் வரிகளில் ஒன்று, தகவல் பாதிதான் இருக்கிறது, அதனால் எல்லா கோருக்கும் 1024 என்றது. கோரின் திறனுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் முழு மதிப்பெண் அது. அதாவது சின்னதும் பெரியதும் ஒரே பலம். கனமான வேலை சின்ன கோரில் விழுந்து திணறியது. டிவைஸ் ட்ரீயைத் திறந்து பார்த்தால், சின்ன கோர்களுக்குத் திறன் சொல்லும் வரியையே எழுதவில்லை. நான்கு வரி சேர்த்து மறுபடி ஏற்றினேன். சின்னவை 1024இலிருந்து இறங்கின.

போர்டு கொண்டுவந்த தம்பி கேட்டான்: "பர்ம்வேர் போச்சா சார்?"

"போகலப்பா, சரியா சொல்லல."