எரிகல்லைப் பிடிக்கும் வீடியோ கேமரா

எரிநட்சத்திரத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, கேமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை அரை நிமிடம் திறந்துவிடுவதுதான். நட்சத்திரங்களுக்குச் சரி, எரிகல்லுக்கு அது அவ்வளவாக உதவாது. மணல் துகள் அளவே உள்ள ஒரு கல் நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வந்து, சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒளிர்கிறது. அதன் ஒளி சென்சாரின் ஒரு பிக்சலில் தங்குவது சில மில்லிநொடிதான். மீதி நேரமெல்லாம் அங்கே சேர்வது வானத்தின் பின்னணி வெளிச்சம். மங்கலான கோடு அதிலேயே மூழ்கிப்போகும்.

நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அந்தத் தொல்லை குறைவு. கருவியும் பெரிதாக ஒன்றுமில்லை: இருட்டில் நன்றாகப் பார்க்கும் சிசிடிவி கேமரா, அகன்ற கோண லென்ஸ், ராஸ்பெர்ரி பை கணினி. கேமராவில் இன்ஃப்ராரெட் விளக்கு இருந்தால் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் முன் பறக்கிற பூச்சியெல்லாம் எரிகல்லாகத் தெரியும்.

சிக்கல் சேமிப்பில். 1280×720 அளவில் பத்து மணி நேரத்தைச் சுருக்காமல் வைத்தால் 800 ஜிபியைத் தாண்டிவிடும். உலகெங்கும் இப்படிக் கேமரா வைத்திருப்பவர்களின் வலைப்பின்னலான குளோபல் மீட்டியார் நெட்வொர்க்கின் மென்பொருள் இதைச் சமாளிக்கும் விதம் அழகு. 256 ஃபிரேமை, அதாவது சுமார் 10 நொடி வீடியோவை, நான்கே படங்களாக்கிவிடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் அந்த நேரத்தில் எட்டிய உச்ச வெளிச்சம் முதல் படம். அந்த உச்சம் எத்தனையாவது ஃபிரேமில் வந்தது என்ற எண் இரண்டாவது. சராசரி வெளிச்சமும், அதிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டும் திட்ட விலக்கமும் மற்ற இரண்டு. முதல் படத்தில் கோடு தெரியும். கோட்டின் எந்தப் புள்ளி எப்போது ஒளிர்ந்தது என்பதை இரண்டாவது சொல்லிவிடும். வீடியோ போனாலும் வேகக் கணக்கு போகவில்லை! பத்து நொடியும் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது விமானமோ செயற்கைக்கோளோ. எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஒற்றைக் கேமராவில் திசை மட்டுமே கிடைக்கும். நூறு கி.மீ. தள்ளி இன்னொருவரின் கேமராவிலும் அதே எரிகல் விழுந்திருந்தால், முக்கோணக் கணக்குப் போட்டு உயரம், பாதை, உண்மையான வேகம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். திசையை அளக்கப் பின்னணி நட்சத்திரங்களே அளவுகோல். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நொடிக்குள் எரிகல் 40 கி.மீ. கடந்திருக்கும்.

அப்புறம் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், அந்தத் துகள் சூரியனைச் சுற்றிவந்த சுற்றுப்பாதை தெரியும். 1983இல் கண்டுபிடித்த ஃபேத்தன் சிறுகோள்தான் டிசம்பர் ஜெமினிட் எரிகற்களின் தாய் என்று தெரிந்ததும் இப்படிச் சுற்றுப்பாதைகளை ஒப்பிட்டுத்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு, காற்று வேகத்தைக் குறைப்பதற்கு முந்தைய வேகம் வேண்டும். அதற்கு நெருக்கமானவை முதல் சில ஃபிரேம்கள். பெரும்பாலும் அவைதான் மிக மங்கலாகவும் இருக்கும்.