முதுமையில் பிரிட்டனுக்குத் திரும்பினால் எது முதல் நாளே கிடைக்கும், எதற்குக் காத்திருக்க வேண்டும்?

லண்டனிலோ லெஸ்டரிலோ முப்பது வருடம் உழைத்து, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி, ஓய்வு பெற்றதும் யாழ்ப்பாணத்திலோ கோவையிலோ வீடு கட்டிக் குடியேறியவர்கள் உண்டு. ஸ்பெயின் கடலோரத்தில் வீடு வாங்கிப் போன ஆங்கிலேயர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எழுபத்தைந்து வயது வாக்கில் கணவரோ மனைவியோ போய்விடுகிறார், அல்லது முழங்கால் படியேற மறுக்கிறது. பிள்ளைகள் "இங்கேயே வந்துடுங்க" என்கிறார்கள்.

அப்போது இரண்டு பேச்சு காதில் விழும். "பாஸ்போர்ட் இருக்கே, போய் இறங்கினால் எல்லாம் தானாக வரும்" என்பது ஒன்று. "பத்து வருஷம் வெளியே இருந்தாச்சு, இனி ஒன்றும் கிடையாது" என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. அங்கே ஒவ்வொரு சலுகைக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. மருத்துவத்துக்கு முதல் நாளே மணி அடிக்கும்; ஏழை முதியோருக்கான உதவித்தொகைக்குச் சில மாதம் ஆகலாம்; பராமரிப்புப் படிக்கு இரண்டு வருடம். கீழே வரும் தொகைகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

முதலில், உள்ளே வரும் உரிமை

பிரிட்டிஷ் குடிமகன் எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் திரும்பி வரும் உரிமை போகாது. ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகி அலமாரியில் தூங்கினால் உதவாது. 2026 பிப்ரவரி 25 முதல், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் செல்லுபடியாகும் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் பாஸ்போர்ட்டையோ, பிரிட்டனில் வாழும் உரிமைக்கான சான்றிதழையோ காட்ட வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கி அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், விமான நிறுவனமே ஏற்றாமல் விடலாம்.

குடியுரிமை வாங்காமல் நிரந்தர வசிப்பு அனுமதியோடு மட்டும் இருந்தவர்கள் நிலைமை வேறு. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி தானாகவே காலாவதி ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் பழைய முத்திரை பளிச்சென்று இருக்கும், ஆனால் அதற்கு மதிப்பு கிடையாது. அவர்கள் 'ரிட்டர்னிங் ரெசிடன்ட்' விசாவுக்கு விண்ணப்பித்து, பிரிட்டனோடு தங்களுக்கு வலுவான தொடர்பு இன்னும் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

கணவர் பிரிட்டிஷ், மனைவி அல்ல என்றால் மனைவிக்குத் துணைவர் விசா வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்டு. பென்ஷனையும் கணக்கில் சேர்க்கலாம். வருமானமே காட்ட முடியாதவர்கள் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 பவுண்டு, ஆறு மாதமாகக் கையில் இருந்த பணமாக இருக்க வேண்டும். மனைவிக்கு 65 வயது ஆகியிருந்தால் ஆங்கிலத் தேர்வு இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

பென்ஷன்: உறைந்தது உருகும்

அரசு ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் ஆண்டுதோறும் ஏறும் உயர்வு எல்லா நாட்டிலும் வராது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருப்பவருக்கு ஏறும். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு ஏறாது. நீங்கள் போன அன்று இருந்த தொகையிலேயே உறைந்து நிற்கும். இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010-இல் அங்கேயும் தோற்றார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஒரே அளவு தேசியக் காப்பீடு கட்டியவர்களில் டொராண்டோவுக்குப் போனவருக்கு ஒரு நியாயம், சியாட்டிலுக்குப் போனவருக்கு வேறு நியாயம்.

சரி, திரும்பி வந்தால்? பிரிட்டனில் நிரந்தரமாகக் குடியேறியதும் இன்றைய அளவுக்கு உயர்த்திவிடுவார்கள். 2011–12-இல் முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 102.15 பவுண்டு. அதை வாங்கத் தொடங்கிய கையோடு சென்னைக்குப் போனவருக்கு இன்றும் அதே 102.15தான். திரும்பி வந்தால் 176.45. வாரத்துக்கு 74.30 கூடுதல், வருடத்துக்கு 3,860 பவுண்டுக்கு மேல். இடையில் இழந்த வருடங்களுக்கான பாக்கி மட்டும் கிடைக்காது. 2016 ஏப்ரல் 6-க்குப் பிறகு பென்ஷன் வயதை எட்டியவர்களுக்குப் புதிய முறை. அதில் முழுத் தொகை 230.25, அதற்கு 35 வருடப் பங்களிப்பு வேண்டும். உறைவது உருகுவதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

உயர்வு தானாக வராது. நியூகாசிலில் உள்ள சர்வதேச ஓய்வூதிய மையத்துக்கு, திரும்பும் தேதியையும் புது முகவரியையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தாலும் கேட்டால் அந்த நாட்களுக்கு மட்டும் உயர்த்தித் தருவார்கள். ஊருக்குப் போனதும் பழைய தொகைக்கு இறங்கிவிடும்.

மருத்துவம்

என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை பார்ப்பது நீங்கள் கட்டிய வரியையோ பாஸ்போர்ட்டையோ அல்ல. வழக்கமாக இங்கே வசிக்கிறீர்களா என்பதைத்தான். நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடு வந்து இறங்கிய குடிமகனுக்கு, இறங்கிய நாளிலிருந்தே ஆஸ்பத்திரி இலவசம். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வது வதந்தி. ஆனால் 'வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்' என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தால், சிகிச்சைச் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். ஜிபி என்ற குடும்ப மருத்துவரும் அவசர சிகிச்சைப் பிரிவும் யாருக்கும் கட்டணம் இல்லை. ஜிபியிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பில் இருப்பவர் கேட்டால், கட்டாயமில்லை என்று பணிவாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் 60 வயது முதல் மருந்துக்குக் காசு இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்குமே இல்லை.

ஊரிலிருந்து கிளம்பும்போது மாத்திரைப் பட்டியலைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல், மருந்தின் மூலப்பெயரில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயர் லண்டன் டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது.

சிக்கலான இடம்: வழக்கமான வசிப்புச் சோதனை

அடிப்படைப் பென்ஷன் 176.45 மட்டும் வைத்து லண்டனில் காலம் தள்ள முடியாது. இதற்காகத்தான் 'பென்ஷன் கிரெடிட்' இருக்கிறது. தனியாக இருப்பவரின் வாராந்திர வருமானம் 227.10 பவுண்டுக்குக் குறைந்தால், அதுவரை நிரப்பித் தருவார்கள், தம்பதிக்கு 346.60. இது கிடைத்தால் கவுன்சில் (உள்ளாட்சி) வரிச் சலுகை, வாடகை உதவி, 75 வயதானால் இலவச டிவி லைசென்ஸ் என்று பின்னாலேயே வரிசையாக வரும்.

ஆனால் வாசலில் 'ஹாபிச்சுவல் ரெசிடன்ஸ் டெஸ்ட்' நிற்கிறது. 1994-இல் வந்த விதி இது. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர்கூடத் தப்ப முடியாது. இரண்டு கேள்விதான். இங்கேயே தங்கும் உறுதியான எண்ணம் இருக்கிறதா? குறிப்பிடத்தக்க காலம் இங்கே வாழ்ந்தாகிவிட்டதா? அந்தக் காலம் எவ்வளவு என்று சட்டத்தில் எழுதவில்லை. நடைமுறையில் ஒன்றிலிருந்து மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். 1999-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த நெஸ்ஸா வழக்குதான் இதற்கு அடிப்படை. வங்கதேசத்திலிருந்து, வாழும் உரிமையோடு வந்த ஒரு பெண்மணியின் வழக்கு அது. எண்ணம் மட்டும் போதாது, கொஞ்ச காலமாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதே தீர்ப்பில், முன்பு இங்கே வாழ்ந்து அந்த வசிப்பையே மீண்டும் தொடர்கிறவருக்கு விதிவிலக்கு இருக்கலாம் என்றும் ஒரு வாசகம் இருக்கிறது. திரும்பி வருபவர்கள் விண்ணப்பத்தில் அதை எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. முப்பது வருடம் வேலை பார்த்த ஊர், பிள்ளைகள் இருக்கும் ஊர் என்று எழுத வேண்டும்.

ஒரு அம்மாவுக்குப் படிவம் நிரப்ப உதவியபோது நான் கற்றுக்கொண்டது இது. தொலைபேசியில் அதிகாரி "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "பிள்ளையைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டார். நம் வாயில் அது இயல்பாக வரும் வார்த்தை. பிள்ளையோடு இருக்கத்தான் வந்தார். ஆனால் மொழிபெயர்ப்பில் அது 'விசிட்' ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, விலை குறைவு என்று ரிட்டர்ன் டிக்கெட் வாங்கியிருந்தார். மறுப்புக் கடிதம் வந்தது. ஊர் வீட்டைக் காலி செய்த கடிதம், கப்பலில் வந்த சாமான் ரசீது, ஜிபி பதிவு, வங்கிக் கணக்கு, கோவில் முதியோர் குழுவில் சேர்ந்த சீட்டு, இதையெல்லாம் சேர்த்து மறுபடி அனுப்பியபிறகுதான் கிடைத்தது.

மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். அதோடு நிற்காமல், உடனே இன்னொரு புது விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். முதல் விண்ணப்பத்தில் மூன்று வாரம் வாழ்ந்தவர், இரண்டாவதில் ஏழு வாரம் வாழ்ந்தவர் ஆகியிருப்பார். கவுன்சில் வீட்டுக்கும் வீடற்றோர் உதவிக்கும் இதே சோதனை உண்டு. அதைத் தாண்டினாலும், அந்தப் பகுதியில் சில வருடம் இருந்திருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் கேட்கும். ஆகவே கையில் வாடகைக்குப் பணமோ, தங்கப் பிள்ளை வீடோ இல்லாமல் கிளம்புவது ஆபத்து. பிள்ளை தனியாக வாழ்ந்து கவுன்சில் வரியில் 25 சதவீதத் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அது நின்றுவிடும் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊர் வீடு என்ன ஆகும்?

இதைப் பலரும் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கக் கூடாது. வெளிநாட்டு வீடும் நிலமும் பென்ஷன் கிரெடிட் கணக்கில் சொத்துதான். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு 40,000 பவுண்டு பெறும் என்று வைப்போம். விற்கும் செலவுக்கு 10 சதவீதம் கழித்தால் 36,000. முதல் 10,000 கணக்கில் வராது, மிச்சம் 26,000. ஒவ்வொரு 500-க்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதாவது 52 பவுண்டு. மேலே சொன்ன 176.45 வாங்குபவருக்கு வர வேண்டிய நிரப்புத் தொகை 50.65. ஆக, அந்த ஒரு வீடு முழுத் தொகையையும் விழுங்கிவிடுகிறது. விற்க உண்மையாக முயற்சி செய்துகொண்டிருந்தால் 26 வாரம் வரை, தேவைப்பட்டால் அதற்கு மேலும், வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பென்ஷன் வயதை எட்டிய உறவினர் அதில் குடியிருந்தாலும் சேர்க்க மாட்டார்கள். இந்தியப் பென்ஷனோ இலங்கைப் பென்ஷனோ வந்தால் அது வருமானம்.

இரண்டு வருடக் காத்திருப்பு

குளிக்க, உடுத்த, இரவில் எழ ஆள் துணை தேவைப்படுகிற முதியவர்களுக்கு 'அட்டென்டன்ஸ் அலவன்ஸ்' என்ற படி உண்டு. வாரம் 73.90 அல்லது 110.40. சொத்தோ வருமானமோ பார்ப்பதில்லை. ஆனால் பொதுவாக, கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இதற்கு வேறு பெயர், காலமும் குறைவு: கடந்த 52 வாரத்தில் 26 வாரம். வாழ்வின் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

இங்கே ஒரு கொடுமையான முடிச்சு. கணவருக்கு இந்தப் படி கிடைத்துவிட்டால் மனைவியின் விசாவுக்கு 29,000 வரம்பு பொருந்தாது. ஆனால் படி கிடைக்க இரண்டு வருடம் ஆகும். பார்த்துக்கொள்ள மனைவி தேவைப்படுவதோ அந்த இரண்டு வருடத்தில்தான்.

வரியும் சாமானும்

பத்து வருடம் தொடர்ந்து பிரிட்டனின் வரிவசிப்பில் இல்லாதவர் திரும்பினால், முதல் நான்கு வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரிச்சலுகை கோரலாம். 2025 ஏப்ரல் 6-இல் வந்த விதி இது. கோரினால் 12,570 பவுண்டு வரிவிலக்கு போய்விடும், ஆகவே ஊர் வாடகை சொற்பமாக வருபவருக்கு இதனால் நஷ்டம்தான் மிஞ்சும். வீட்டுச் சாமான்களைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவர, குறைந்தது 12 மாதம் வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருளை ஆறு மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும் முன்பே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், இவ்வளவும் கிடைத்து ஒரு வருடம் ஆனதும் ஊர் நினைப்பு வரும். பொங்கலுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று தோன்றும். பென்ஷன் தொடரும், பென்ஷன் கிரெடிட் தொடராது. நான்கு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால்தான் அது வரும். நெருங்கிய உறவினர் சாவு என்றால் எட்டு வாரம் வரை இழுக்கலாம். மூன்று மாதம் என்று முதலிலேயே திட்டமிட்டுப் போனால், விமானம் ஏறிய நாளிலிருந்தே நின்றுவிடும். திரும்பி வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் தேதியைப் போடும் முன்பு 28 நாளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.