திருடன் ரயிலில்தான் வருவானா?

புறநகருக்கு ரயிலை நீட்டிக்கும் திட்டங்களுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களில் உட்காருவது என் தொழிலின் ஒரு பகுதி. வரியைப் பற்றிக் கேட்பார்கள், இரைச்சலைப் பற்றிக் கேட்பார்கள், வீட்டு விலை என்னவாகும் என்று கேட்பார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, குரலைச் சற்றுத் தணித்துக்கொண்டு, "ஸ்டேஷன் வந்தால் இங்கே யார் யாரெல்லாம் வருவார்கள்?" என்பார். அரங்கில் பல தலைகள் ஆமோதித்து ஆடும். அதுவரை கேட்டவையெல்லாம் இதற்கு முன்னுரைதான் என்பது அப்போது விளங்கும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் இந்தக் கேள்வியை இப்போது நம்மவர்களும் கேட்கிறார்கள். ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா, சுவானி, கம்மிங் என்று தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்ட ஊர்கள் இவை. கூடுவாஞ்சேரியில் மனை வாங்கும்போது "ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?" என்று முதலில் விசாரித்த அதே மனிதர், ஜார்ஜியாவில் வீடு வாங்கியதும் ஸ்டேஷன் பக்கத்தில் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார். இந்தப் பயத்துக்கு இந்த மண்ணில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை அறியாமல் நாமும் அதை இரவல் வாங்கிக்கொள்கிறோம் என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அட்லாண்டாவின் ரயில், பஸ் இரண்டையும் நடத்தும் அமைப்பின் பெயர் மார்ட்டா. 1965இல் ஐந்து கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் போன்றவை) சேர்த்து அதை உருவாக்கத் திட்டமிட்டார்கள். அந்த ஆண்டு வாக்கெடுப்பிலேயே காப் கவுண்டி விலகிக்கொண்டது. 1971இல் ஒரு சதவீத விற்பனை வரிக்கான வாக்கெடுப்பு வந்தபோது க்வின்னெட், கிளேட்டன் இரண்டும் நிராகரித்தன. ஃபுல்டனும் டிகால்பும் மட்டும் ஏற்றன. அதிலும் ஃபுல்டனில் சில நூறு வாக்குகளில்தான் தப்பியது. அப்போதைய மேயர் சாம் மாசெல், பஸ் கட்டணத்தை 40 சென்ட்டிலிருந்து 15 சென்ட்டாகக் குறைப்பதாக வாக்களித்து ஆதரவு திரட்டினார். நெடுஞ்சாலை நெரிசலுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்தபடி ஒலிபெருக்கியில் வாக்குக் கேட்டதாகவும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1979இல் முதல் ரயில் ஓடியது. ஐந்து கவுண்டிகளுக்காக வரைந்த திட்டம் இரண்டு கவுண்டிகளின் பணத்தில் நடக்கத் தொடங்கியது.

ஏன் நிராகரித்தார்கள்? வரி ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க நீதிமன்றங்கள் உத்தரவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளையர் குடும்பங்கள் நகரைவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் காபுக்கும் க்வின்னெட்டுக்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. 1970இல் க்வின்னெட்டின் மக்கள்தொகை சுமார் 72,000. ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். எவரிடமிருந்து விலகி வந்தோமோ அவர்களை ரயில் தங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிடும் என்ற அச்சம் அங்கே வெளிப்படையாகவே பேசப்பட்டது. மார்ட்டாவின் ஐந்து ஆங்கில எழுத்துகளை 'ஆப்பிரிக்கர்களை அட்லாண்டா வழியாக வேகமாகக் கொண்டுசெல்வது' என்று விரித்து நக்கல் செய்தார்கள். நாகரிகம் கருதி அதைப் பொது இடத்தில் சொல்வது நின்றபோது, அந்த இடத்துக்குக் 'குற்றம்' என்ற சொல் வந்து அமர்ந்துகொண்டது.

கம்மிங் பக்கம் வீடு வாங்கும் நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. கம்மிங் இருக்கும் ஃபோர்சைத் கவுண்டியிலிருந்து 1912இல் ஏறக்குறைய எல்லாக் கறுப்பினத்தவரும், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், மிரட்டியும் தீ வைத்தும் விரட்டப்பட்டார்கள். பல பத்தாண்டுகளுக்கு அங்கே கறுப்பினத்தவர் குடியேறவே முடியவில்லை. 1987இல் அதை எதிர்த்து ஊர்வலம் நடந்தபோதும் கல்லெறிந்தார்கள். "இங்கே எப்போதுமே குற்றம் குறைவு, அமைதியான ஊர்" என்று வீட்டுத் தரகர் சொல்லும் ஊரின் கதை இது. அந்த அமைதி யாரை வெளியே தள்ளிப் பெறப்பட்டது என்று கேட்கும் உரிமை, நிறத்தால் நாளை வெளியே நிறுத்தப்படக்கூடிய நமக்கும் இருக்கிறது.

சரி, வரலாறு அசிங்கமானது என்பதால் மட்டும் பயம் பொய்யாகிவிடாது. ரயில் உண்மையிலேயே குற்றத்தைக் கொண்டுவருகிறதா?

என் துறையில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. திருடிய பெரிய டிவியைத் தோளில் சுமந்துகொண்டு, டிக்கெட் கேட்டில் அட்டையைத் தேய்த்து, பிளாட்ஃபாரத்தில் கேமராக்களுக்குக் கீழே இருபது நிமிடம் ரயிலுக்குக் காத்திருக்கும் திருடனை நினைத்துப் பாருங்கள் என்பார்கள். அரங்கம் சிரிக்கும். எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. வீடு புகுந்து திருடுபவன் காரில் வருவான் என்பது சரிதான். ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது பெரும்பாலும் அதுவல்ல. கல்லூரியிலிருந்து இரவில் திரும்பும் மகளை ஒருவன் பின்தொடர்வது, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, பெட்டியில் ஒருவன் கத்திக்கொண்டே வருவது ஆகியவைதான் அவர் மனதில் இருக்கின்றன. டிவி நகைச்சுவை இவை எதற்கும் பதில் அல்ல. கேட்டவர் வாயை மூடிக்கொள்வார், வாக்குச் சீட்டில் 'இல்லை' என்று குறிப்பார்.

ஆய்வுகள் சொல்வதும் ஒரே வரியில் அடங்குவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1995இல் தொடங்கிய பச்சை வழித்தடம் நல்ல சோதனைக் களம். குற்றம் மிகுந்த தெற்குப் பகுதிகளையும் கடற்கரையை ஒட்டிய வசதியான புறநகர்களையும் அது இணைத்தது. ரயில் வருவதற்கு முன்னும் பின்னும் இருந்த குற்றப் பதிவுகளை ஒப்பிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்நகரக் குற்றம் புறநகருக்கு ரயிலேறிப் போனதற்குச் சான்று இல்லை என்றே முடிவு செய்தார்கள். மறுபக்கம் வாஷிங்டனில், பராமரிப்புக்காக ஒரு நிலையத்தைத் தற்காலிகமாக மூடியபோது, அதே வழித்தடத்தின் மற்ற நிலையங்களைச் சுற்றிக் குற்றம் 5 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக ஓர் ஆய்வு கண்டது. ஆகவே ரயிலுக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் மேடையில் சொல்வதில்லை. எல்லோரும் பயணிக்கும் வண்டியில் குற்றம் செய்பவனும் பயணிப்பான். அவன் எங்கே இறங்குகிறான், இறங்கும் இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கூட்டங்களில் சுற்றிவரும் வரைபடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலையத்தைச் சுற்றி அரை மைலுக்குச் சிவப்புப் புள்ளிகள் அப்பிய படம் ஒன்று கட்டாயம் வாட்ஸ்அப்பில் வரும். புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி பார்க்கிங்கில் கார்க் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்தவையாக இருக்கும். காரை நிறுத்திவிட்டு ஊருக்குள் ரயிலில் போகிறவர்களுக்காகப் புறநகர் நிலையங்களில் மிகப் பெரிய பார்க்கிங் கட்டுகிறோம். நாள் முழுவதும் ஆளில்லாமல் நூற்றுக்கணக்கான கார்கள் நிற்கின்றன. கண்ணாடி உடையத்தான் செய்யும். வணிக வளாகத்திலும் அப்படித்தான் உடைகிறது. கல்யாண மண்டப வாசலில் செருப்பு அதிகம் தொலைகிறது என்பதற்காகக் கல்யாணமே செருப்புத் திருடர்களை உண்டாக்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு கணக்குப் பிழையும் அடிக்கடி நடக்கும். அந்த அரை மைலில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும் குற்றங்களை வகுத்து, 'தலைக்கு இவ்வளவு' என்று பயங்கரமான ஓர் எண்ணைக் காட்டுவார்கள். தினமும் வந்துபோகும் ஆயிரக்கணக்கான பயணிகள் வகுக்கும் எண்ணில் சேரவே மாட்டார்கள்.

அச்சத்தின் கணக்கில் சாலை வருவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் இறக்கிறார்கள். ஒவ்வொரு மைல் பயணத்துக்கும் கணக்கிட்டால் ரயில் பெட்டி காரைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. ஆனால் ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்தைச் 'சம்பவம்' என்றும், நிலையத்தில் நடக்கும் கைகலப்பை 'இந்த ஊர் கெட்டுவிட்டது' என்றும் நம் மனம் பதிவு செய்துகொள்கிறது. 2017 மார்ச் 30 அன்று நகருக்குள் நெடுஞ்சாலை 85இன் பாலம் ஒன்று தீப்பிடித்து இடிந்தது. சரிசெய்ய ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களும் புறநகர்வாசிகள் நிலையங்களில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறினார்கள். பயணிகள் எண்ணிக்கை கூடியது. அலுவலகம் போய்ச் சேரும் கவலை வந்ததும் திருடன் பயம் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது.

மறுத்ததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கிளேட்டன் கவுண்டியைக் கேட்கலாம். 1971இல் மறுத்த அதே கவுண்டி, பின்னாளில் தானே நடத்திய பஸ் சேவையைப் பணமில்லாமல் 2010 மார்ச்சில் நிறுத்தியது. அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும்பகுதி அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. அங்கே துப்புரவுக்கும் சமையலுக்கும் போகிறவர்கள் நடந்தும் வாடகைக் காரில் கூலியைத் தொலைத்தும் வேலைக்குப் போனார்கள். 2014இல் மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது நாலில் மூன்று பங்கை ஒட்டிய ஆதரவுடன் மார்ட்டாவில் சேர்ந்தார்கள். ரயில் வரும் என்றும் சொல்லப்பட்டது. அது பின்னர் விரைவு பஸ்ஸாகச் சுருங்கியது. தாமதமாக வந்தவர்களுக்கு இதுதான் கிடைக்கும்.

க்வின்னெட்டில் பொதுப் போக்குவரத்துக்கான வாக்கெடுப்பு 1990, 2019, 2020 என்று மேலும் மூன்று முறை தோற்றது. 2019இல் 'டோராவில்' என்ற ஊரின் மார்ட்டா நிலையத்திலிருந்து கவுண்டிக்குள் ரயிலைச் சில மைல்கள் நீட்டுவதும் திட்டத்தில் இருந்தது. 2020இல் சுமார் ஆயிரம் வாக்குகளில் தவறியது. இப்போது அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஒன்பதரை லட்சத்துக்கு மேல். எந்த இனமும் பெரும்பான்மை இல்லை. 2024 நவம்பரில் ரயில் என்ற சொல்லையே எடுத்துவிட்டு வெறும் பஸ் திட்டத்தை முன்வைத்தும் க்வின்னெட்டும் காபும் மறுத்துவிட்டன. எனவே எல்லா 'இல்லை'யும் இனவெறி என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். முப்பது ஆண்டு வரி என்றால் எவருக்கும் கை நடுங்கும்; தன் தெருவுக்கு எதுவும் வராது என்று தெரிந்தவர் வாக்களிக்க மாட்டார்.

ஆனால் நம் வீடுகளிலேயே ஓட்டத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்கு, கோயிலுக்குப் போக வேண்டுமென்றாலும் மகனோ மருமகளோ அலுவலகம் முடிந்து வரவேண்டும். மேற்குத் தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர்வரை தனியாகப் போய்வந்த மனுஷி, இங்கே திரைச்சீலையை விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். குற்றத்துக்குப் பயந்து வேண்டாமென்ற ரயிலின் கணக்கில் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

பயம் இருந்தால் அதை எழுதிக் கொடுங்கள்; ஆனால் பயமாக எழுதாதீர்கள். மத்திய அரசு நிதி கேட்கும் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை உண்டு. அதன் வரைவின் மீது பொதுமக்கள் எழுதும் பொருளுள்ள கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். "குற்றம் கூடும்" என்று எழுதினால் "கருத்து பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரு வரியோடு கோப்பு மூடப்படும். இரவு ஒன்பது மணிக்குமேல் எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், கடைசி ரயில்வரை நிலையத்தில் ஊழியர் இருப்பாரா, பார்க்கிங்கிலிருந்து நுழைவாயில்வரை உள்ள பாதை சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா, படிக்கட்டுத் திருப்பத்தில் விளக்கு உண்டா, காவலர் பெட்டிக்குள் வருவாரா அல்லது வாசலில் மட்டும் நிற்பாரா என்று கேளுங்கள். இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத வேண்டியவர்களில் நானும் ஒருவன். முதலில் பார்க்க வேண்டியது ரயிலின் இடைவெளிதான்: காலியான பிளாட்ஃபாரத்தில் இருபது நிமிடம் நிற்க வைத்துவிட்டு எத்தனை கேமரா மாட்டினாலும் ஒரு பெண்ணுக்கு அது பாதுகாப்பாகத் தோன்றாது. அந்த இருபதைப் பத்தாக்க எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியை எழுத்தில் கேட்டால், திட்டத்தின் செலவு அட்டவணையில் அதற்கென்று ஒரு வரி சேர்ந்துவிடும்.